செல்வி சாகவில்லை

தொலைக்காட்சித் தொடருக்கு எழுதுவது என்றால், யார் சாக வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்த பிறகு அதற்குக் காரணம் எழுதுவது. எம்.ஏ. படித்துக்கொண்டே, திருத்தணியில் ஏரி உடைகிற ஒரு தொடருக்கு உதவி எழுத்தாளராக இருக்கிறேன். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலையை மட்டும் ஆட்டுங்கள்.

கரையில் ஒரு கதாநாயகன்

ஏரி உடையும் காட்சியை, விசைத்தறி ஓட்டும் செல்வியின் கண்ணால் எழுதியிருந்தேன். தறிச் சத்தத்தில் வெள்ளம் வருவது அவளுக்குக் கேட்காது. கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்ப்பாள். இயக்குநர் படித்துவிட்டு, கதாநாயகன் கரையில் நின்று பார்ப்பதாக மாற்றச் சொன்னார்.

அவன் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அவன் எதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வாதாடினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "போஸ்டர்ல யார் மூஞ்சிம்மா இருக்குது? செல்வி மூஞ்சியா?"

மலையை மறைப்பது

கதைப்படி ஊரே மூழ்க வேண்டும். ஊர் ஜனமாக நடித்து மூழ்குவதற்கு வந்திருந்த கனகம்மாசத்திரத்து ஆட்கள் காட்சியைக் கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். எதிரே மலை. "தண்ணி வந்தா மேல ஏறிக்க மாட்டாங்களாங்க?" என்றார் ஒரு பெரியவர்.

இயக்குநர் வெகுநேரம் யோசித்து, கேமராவை வேறு பக்கம் திருப்பினார். கேமரா திரும்பினால் ஊர்க்காரர்களுக்கு மலை மறந்துவிடுமா என்று நான் விடவில்லை. பெரியவர்தான் சமாதானம் செய்தார்: "வுடு பாப்பா. இப்ப முழுவிட்டு, சாயங்காலமா ஏறிக்கிறோம்."

யாருக்காக அழுகை

செல்வியாக நடிப்பவர் பொதட்டூர்பேட்டை வசந்தா அக்கா. வீட்டில் தறி ஓட்டுகிறவர்; நடிப்பது இதுதான் முதல் முறை. செல்வி பிழைத்தால் தொடரில் இருப்பார், செத்தால் மறுநாள் தறிக்குத் திரும்புவார். கதாநாயகனின் குணம் வளர்வதற்கு அவன் ஒரு முறை அழ வேண்டும், ஆகவே செல்வி போகட்டும் என்று தீர்ப்பானது.

ஒருவன் வளர இன்னொருத்தி மூழ்க வேண்டுமா என்று நான் சத்தம் போட்டேன். அக்கா சத்தம் போடவில்லை. வசனத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் கேட்டார்: "அந்தாளு எதுக்கு சார் அழுவுறான்? ஒரு நாள்கூட என்னாண்ட பேசினது இல்லியே."

காப்பு

பிணமாக மிதக்க வேண்டிய அன்று அக்கா மஞ்சள் புடவையில், கையில் காப்புக் கயிறோடு வந்து நின்றார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். காப்பு கட்டியவர்கள் சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டார்கள். பிணமாக எப்படிப் படுப்பார்கள்?

"நடிப்புதானேம்மா" என்றார் இயக்குநர். "படுக்கிறது நான்தானே சார்" என்றார் அக்கா. வேறு யாரையாவது குப்புறப் படுக்க வைக்கலாம் என்று இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தார். வந்திருந்த பெண்கள் எல்லார் கையிலும் காப்பு. கேமரா, விளக்கு, தண்ணீர் லாரி எல்லாம் காத்துக்கொண்டிருந்தன.

"உசுரோட இருக்கிற மாதிரி பாப்பா ஒண்ணு எழுதி வெச்சிகினு சுத்துது சார்" என்றார் அக்கா. இயக்குநர் அன்று முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்: "அந்தக் கால் நனையிற சீனு, பையில இருக்குதா?"

செல்விக்கும் ஒரு கண் உண்டு என்று நான் அடுக்கிய வாதங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டன, அக்கா கையிலிருந்த கயிறு மட்டும்தான் கரையேறியது.