மொட்டைமாடியில் ஒரு மஸ்கட்

போன வாரம் எங்கள் ஃபிளாட்டுக்குப் புது சோபா வந்தது. சென்னீர்குப்பத்தில் லிஃப்ட் உள்ள கட்டடம்தான். ஆனால் சோபா லிஃப்டுக்குள் நுழையமாட்டேன் என்றுவிட்டது. இரண்டு பேர் மாடிப்படி வழியாகத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார்கள். அவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கவரு இருக்கட்டுமா சார், கிழிச்சிடவா?" என்று கேட்டார். என் மனைவி சமையலறையிலிருந்து, "இருக்கட்டும், அழுக்காயிடும்" என்றாள். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை என்னை நான் வளர்ந்த மேனாம்பேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது.

அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் கவர் பிரிக்கிற வழக்கம் கிடையாது. டிவி ரிமோட் பாலித்தீன் பைக்குள், ரப்பர் பேண்ட் போட்டபடி இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அழுந்தும். கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தவன் சமையல் குறிப்பு பார்த்துவிட்டு எழுந்திருப்பான். கிரைண்டருக்கு அம்மா பூப்போட்ட துணியில் சட்டை தைத்திருந்தாள். எனக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் புதுச் சட்டை. கிரைண்டருக்கு ஈஸ்டருக்கும் உண்டு.

எல்லாம் அண்ணன் சம்பாத்தியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. அவனுக்கு வேலை கிடைத்த மாதமே நைனாவுக்கு முதுகுவலி வந்து, டெம்போ ஓட்டுவதை விட்டுவிட்டார். அப்பாவை நைனா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அந்த முதுகுவலி டெம்போ ஓட்டும்போது மட்டும்தான் வரும், சீட்டாடும்போது வராது. ஃபிரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா எண்ணெயால் சிலுவை போட்டு ஜெபம் சொல்வாள். அண்ணனுக்காக அவள் ஜெபித்து நான் கேட்டதில்லை. அவன்தான் நன்றாக இருந்தானே.

கடைசியாக அந்த சோபா வந்தது. மெரூன் கலர் வெல்வெட். நல்ல நாள் வரும்வரை பிளாஸ்டிக்கைப் பிரிக்கக்கூடாது என்று உத்தரவு. கோடையில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். எழும்போது ஒரு சத்தம் வரும், வந்த விருந்தாளி வெட்கப்பட்டுப் போவார். அண்ணன் அதில் உட்கார்ந்ததே இல்லை. பேண்ட்டெல்லாம் பெயிண்ட் தூள் என்று தரையில்தான் உட்காருவான்.

ஒருநாள் காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. "அண்ணா, வேன் வந்துகினு கீதுண்ணா" என்று உலுக்கினேன். "வரட்டும்" என்றான். அவ்வளவுதான். மறுநாளும் எழவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. டாக்டர் உடம்பில் குறையில்லை, மனசுதான் சோர்ந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. ஜெபக்குழு வந்து தலையில் கைவைத்துவிட்டுப் போனது. என்ன செய்கிறது என்று அவனிடம் யாரும் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. நைனா முதல் வாரம் மெல்லிய குரலில் பேசினார், இரண்டாவது வாரம் உரக்கப் பேசினார், மூன்றாவது வாரத்திலிருந்து அவனோடு பேசவே இல்லை. நான் கல்லூரியை அரைகுறையாக விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் வேலைக்குப் போனேன். வாஷிங் மெஷின் தவணை அப்படியே என் தலைக்கு மாறியது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த ரோசி அக்காவைப் பெண் பார்க்கக் கரையான்சாவடியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல நாள் வந்துவிட்டது என்று அம்மா முடிவுசெய்தாள். பிளேடை எடுத்துக்கொண்டு அண்ணன் தானே முன்வந்து பிளாஸ்டிக்கை அறுத்தான். வெல்வெட்டில் ஒரு கீறல் படவில்லை. அறுத்து முடித்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தான். துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பல மாதம் கழித்து அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

"அவங்க வர்ற நேரம் கண்ணு. தாடியும் நீயுமா இங்க குந்திகினு இருந்தா இன்னா நெனைப்பாங்க? மேல போய் இரு. காபி குடுத்தனுப்பறேன்" என்றாள் அம்மா.

மேலே என்றால் மொட்டைமாடி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. அண்ணன் எழுந்து போனான். அவன் உட்கார்ந்த இடத்தில் அழுந்தியிருந்த வெல்வெட்டை அம்மா தட்டிச் சரிசெய்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை எடுத்துக்கொண்டே, "பெரிய பையன் எங்க, காணோம்?" என்று கேட்டார். நைனாவுக்கு யோசனையைவிட வாய் முந்தும். எதிர்வீட்டுப் பையன் எங்கே வேலை செய்தானோ, அது வாயில் வந்துவிட்டது. "மஸ்கட்ல கீறான்" என்றார்.

காபியை நான்தான் மேலே எடுத்துப்போனேன். அண்ணன் மாடிப்படிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. டம்ளரை வாங்கிக்கொண்டு, "அங்கியும் வெயிலு இப்டித்தான் இருக்குமாமே" என்றான்.

கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் மாடி அறையிலேயே தங்கிவிட்டான். சோபாவுக்கு அம்மா மறுபடியும் பிளாஸ்டிக் தைத்துப் போட்டாள். மஸ்கட்டில் லீவு கிடைக்காததால் அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனால் மஸ்கட்டில் இருக்கிற அண்ணன் சும்மா இருக்க முடியுமா? சீர் சாமான் அனுப்ப வேண்டாமா? பாரிஸ் கார்னருக்கு என்னை அனுப்பினார்கள். கம்பளி, சென்ட், பால் பவுடர், பேரீச்சம்பழம் என்று பார்த்தாலே வெளிநாடு என்று தெரிகிற பொருளாக வாங்கி வந்தேன். அவற்றில் ஒட்டியிருந்த ரூபாய் ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். அதற்கு அண்ணன்தான் சரியான ஆள்.

சிரிக்காதீர்கள். கிரசினில் துணியை நனைத்துத் தடம் தெரியாமல் எடுப்பான். பிறகு அட்டைப்பெட்டியில் அடுக்கி, பிரவுன் டேப் சுற்றி, மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் தன் பெயரையும் மஸ்கட்டையும் எழுதுவான். எதிர்வீட்டுப் பையன் கொண்டுவரும் பெட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கட்டு. பண்டிகைக்குப் பண்டிகை தனக்குத் தானே பார்சல் கட்டினான். அந்த நாட்களில் மட்டும் சொல்லாமலே ஷேவ் செய்துகொள்வான். கரையான்சாவடியில் அவனுக்கு நல்ல பெயர். "மூத்தவர் தங்கமானவருங்க" என்று சம்பந்தியம்மா சொல்லும்போதெல்லாம் நைனா நிமிர்ந்து உட்காருவார்.

அக்கா உண்டானாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே? வந்தால் சம்பந்தி வீட்டார் தினம் வந்துபோவார்கள், மாடிப்படி ஏறிவிடுவார்கள். இங்கே தண்ணீர்க் கஷ்டம் என்று சொல்லி அம்மா அவளைக் கரையான்சாவடியிலேயே பெற்றுக்கொள்ள வைத்தாள். அக்காவுக்குக் காரணம் தெரியும். போனில் அவள் அழுததை அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை.

பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் அண்ணன் கீழே இறங்கிவந்தான். அவன் எதையும் கேட்டு நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

"லீவுல வந்த மாதிரி வர்றேம்மா. கொழந்தைய ஒரு தபா தூக்கிட்டு வந்துடறேன்."

"அவங்க கேப்பாங்கடா. எந்தக் கம்பெனி, இன்னா சம்பளம், மாப்பிள்ளை தம்பிக்கு விசா கெடைக்குமான்னு. நீ இன்னா சொல்லுவ?" என்றார் நைனா. அவனோடு மாதக்கணக்கில் பேசாத மனிதர் அன்று பேசியது இது.

"சும்மா நிப்பேன் நைனா."

"அடுத்த தபா பாக்கலாம் கண்ணு" என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஞானஸ்நானத்தன்று காலை நாங்கள் பூந்தமல்லி கோயிலுக்குக் கிளம்பும்போது அவன் முகம் வழித்து, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு மாடிச் சுவரோரம் நின்றான். குழந்தைக்கான பெட்டியை எப்போதையும்விட இறுக்கமாகக் கட்டியிருந்தான். ஆட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். நாங்கள் சாயங்காலம் கேக்கோடு திரும்பி வந்தபோது மாடி அறை பெருக்கியிருந்தது. கத்திரிக்கோல், டேப், மடித்த கிரசின் துணி எல்லாம் அதனதன் இடத்தில். அண்ணன் மட்டும் இல்லை.

இரண்டு நாள் பார்த்துவிட்டு நைனா போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "போட்டோ போட்டு நோட்டீஸ் ஒட்டுவாங்க. கரையான்சாவடிக்கும் போவும். மஸ்கட்ல கீறவன் மேனாம்பேட்ல எப்டிடா காணாம போவான்?" என்று என்னையே கேட்டார். வேலை முடிந்ததும் ஆவடி ஸ்டேஷன், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் என்று அலைந்தேன். தாடி வைத்த ஒவ்வொருவரையும் குனிந்து பார்த்தேன். நாளாக ஆக, அலைவது குறைந்து நின்றுபோனது. பார்சல் மட்டும் நிற்கவில்லை. அண்ணன் கட்டு எனக்கு வரவே இல்லை, கயிறு எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

நைனா முதலில் போனார். பிறகு அம்மா போனாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரிய தம்பியப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டார்.

"மஸ்கட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்ப்பா. பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே உங்க தெருவுல விசாரிச்சுட்டோம். விசாரிக்காம யாராவது பொண்ணு எடுப்பாங்களா? அதுக்கென்ன, எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்னு இவரு சொன்னாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். ஞானஸ்நானத்தன்னிக்காவது கூட்டிட்டு வருவீங்கன்னு நெனச்சேன்."

பெண் பார்க்கிற எந்தக் குடும்பமும் தெருவில் விசாரிக்கும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நாங்களே மாப்பிள்ளையைப் பற்றி அப்படித்தான் விசாரித்திருந்தோம்.

இப்போது அந்த வீடு இல்லை. பில்டருக்குக் கொடுத்துவிட்டோம். மொட்டைமாடி அறை இருந்த உயரத்தில் யாரோ ஒருவருடைய படுக்கையறை இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனும் திரும்பிவந்துவிட்டான். அக்கா மகளுக்குக் கல்லூரி முடிந்துவிட்டது. அவள் பார்க்காத பெரிய மாமாவைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். வீட்டைக் காலி செய்த அன்று காயலான்கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசியாக சோபா. அம்மா தைத்த பிளாஸ்டிக்கை அவர் ஓரமாகக் கிழித்துப் பார்த்தார். உள்ளே வெல்வெட் அன்று கடையிலிருந்து வந்த மாதிரி பளபளத்தது.

"புத்சாவே கீதே சார்! யாருக்கோசரம் இப்டி வச்சிருந்தீங்க?" என்றார்.