மூத்த பிள்ளை பிறந்த ஊர்

மிஸ்ஸின் தாத்தா இங்கிலாந்தில் பிறந்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. டைப்பிங்கில் ஹையர் பாஸ். வாய் கொஞ்சம் நீளம். மிஸ் எங்கள் வீட்டுக்காரம்மா. பெங்களூர் கண்டோன்மெண்டில் அவருடைய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். மிஸ் ஆங்கிலோ இந்தியர். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி, கணவரை இழந்து, ஒரே மகளும் மாப்பிள்ளையோடு லண்டன் போன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். கீரைக்காரியோடு தமிழிலும் கறிக்கடைக்காரரோடு உருதுவிலும் சண்டை போடாமல் அவருக்குப் பொழுது போகாது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்கள். மகளும் மாதம் தவறாமல் "நீயும் வந்துவிடு" என்று எழுதிக்கொண்டிருந்தாள். போவதென்றால் இங்கிலாந்து பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு அப்பாவழித் தாத்தா அங்கே பிறந்தவர் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். தாத்தாவோ பட்டாளத்துச் சிப்பாயாக இங்கே வந்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர். அவர் விட்டுப்போனது ஒரு கிராமத்தின் பெயர் மட்டும். அந்தக் காலத்துப் பிறப்புக்கெல்லாம் ஊர்ச் சர்ச்சின் ஞானஸ்நானப் புத்தகம்தான் சாட்சி. அதில் பெயர் இருந்தால் மிஸ் மகளிடம் போகலாம். இல்லாவிட்டால் இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

மிஸ்ஸுக்குக் கை நடுக்கம். ஆகவே அந்த ஊர்ப் பாதிரியாருக்கு, மிஸ் வீட்டு டைப்ரைட்டரில் நான் கடிதம் அடித்தேன். ஆபீஸில் பழகிய கையல்லவா, இரும்புச் சாமான் சப்ளை தாமதமானதைக் கேட்கிற தோரணையில் "உடனடி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டேன். வேறு ஒருவராக இருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டார். அந்த மனுஷர் நான்கு பக்கம் எழுதினார். அவருடைய ஊரில் நாற்பது வீடு, அதில் மூன்று காலி. சர்ச் கூரை ஒழுகுகிறது. பழைய புத்தகத்தின் ஓரத்தை எலி தின்றிருக்கிறது, நல்லவேளையாக எழுத்தைத் தொடவில்லை. அவர் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வருஷம் உடம்பு சரியில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்தார். தாத்தாவின் தம்பி தங்கைகள் ஐந்து பேரின் பெயர் இருக்கிறது, தாத்தாவின் பெயர் மட்டும் இல்லை.

எனக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மறுபடி எழுதினேன். முந்தின வருஷம் பாருங்கள், பிந்தின வருஷம் பாருங்கள், எழுத்து மங்கியிருக்கலாம், வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெயில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தார். மூன்றாவது கடிதத்திலும் இல்லை என்றுதான் பதில். ஒவ்வொரு தடவையும் மிஸ், "பாவம், அவருக்கு எவ்ளோ தொந்தரவு. விடும்மா" என்பார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நானா விடுவேன்?

அதற்குள் எனக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆனேக்கல்லிலிருந்து அம்மா வந்து, வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக நாள் குறித்தார். நான் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்ததை மிஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரி இங்கே பக்கத்துல இருக்கு. நீ இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போறே?"

"தலைப்பிரசவம் மிஸ். அம்மா வீட்லதான்."

"ரெண்டாவது?"

"அதுக்கெல்லாம் யாரு கூப்புடுவாங்க? அது இங்கேயேதான்."

சொல்லி வாயை மூடவில்லை, எனக்குப் பொறி தட்டியது. தாத்தாதான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. தம்பி தங்கைகள் எல்லாம் அப்பாவின் ஊர்ப் புத்தகத்தில் இருக்கிறார்கள், மூத்தவர் மட்டும் இல்லை. அவரைப் பெற்ற அம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பாள்! வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, முதல் வலி எடுக்கும்போது பெற்றவள் முகத்தைத் தேடாதவள் உண்டா?

"எங்க ஆளுங்ககிட்டே அந்தப் பழக்கம் இல்லேம்மா," என்றார் மிஸ். குரலில் சுரத்தே இல்லை. நான் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்தபடி போட்டுவிட்டு, டைப்ரைட்டர் முன்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "ஐயா, அந்த அம்மாளின் பிறந்த ஊர் எது? அங்கே போய்ப் பாருங்கள்." அவ்வளவுதான் கடிதம்.

ஆனேக்கல் போனேன், மகள் பிறந்தாள். இருபதாம் நாளோ என்னவோ, மத்தியான பஸ்ஸில் மிஸ் வந்து இறங்கினார், தொப்பியும் குடையுமாக. தெருவே வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டது. குழந்தையின் காலில் அளவு சேராத கம்பளி சாக்ஸை மாட்டினார், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அப்புறம்தான் கைப்பையிலிருந்து நீல நிற ஏர் லெட்டரை எடுத்து என்னிடம் தந்தார்.

பாதிரியார் கல்யாணப் புத்தகத்தைப் புரட்டி, பெண்ணின் ஊரைக் கண்டுபிடித்து, சைக்கிளிலேயே போயிருக்கிறார். இரண்டு மேடு தாண்டினால் அந்த ஊர். தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா அம்மா பெயர் எல்லாம் அங்கே தெளிவாக இருந்ததாம். சான்றிதழ் தனியாக வருகிறது. "உங்கள் டைப்பிஸ்ட்டை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இருபது வருஷமாக இந்தப் புத்தகங்களோடு இருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை" என்று எழுதியிருந்தார்.

"பாத்தீங்களா மிஸ்?" என்றேன். பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிஷமே உறைத்தது. மிஸ் போய்விடுவார். நான் குழந்தையோடு திரும்பிப் போகும்போது முன்பக்கத்தில் வேறு யாரோ இருப்பார்கள். அழுதுவிட்டேன். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து அதட்டினார்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் மிஸ்," என்றேன்.

மிஸ் கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். அம்மா அடுப்பங்கரைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"கிடைக்காதுன்னு நம்பித்தாம்மா தேடச் சொன்னேன்," என்றார். "எம் பொண்ணுகிட்டே வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வேற காரணம் இல்லே."