சம்பந்தியாரின் வம்சத் தாள்

சாப்பாட்டு மேசையைவிட நீளமாக இருந்தது அந்தத் தாள். சுருண்டு சுருண்டு எழும்பிய அதன் மூலைகளில் தேநீர்க் கோப்பைகளை வைத்து அடக்கினார் சம்பந்தியார், அதாவது என் மகளின் மாமனார். கலியாணம் பேச நானும் கணவரும் செவன் கிங்ஸிலிருந்து நகரின் மறுகோடியில், ஸ்ட்ரெதமில் இருந்த அவர் வீட்டுக்கு முதன்முறை போன நாள் அது. வெள்ளைக்காரப் பெடியனின் பகுதியை, குலம் கோத்திரத்தை, எப்படி விசாரிப்பது என்று ரயிலில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனோம். நாங்கள் வாய் திறக்க முதலே மனிதர் தம் பரம்பரையை மேசையில் விரித்துவிட்டார். ஸ்கொட்லாந்தில் பெரிய காணிக்காரக் குடும்பம். இப்போது காணியும் இல்லை, மாளிகையும் இல்லை. ஓய்வுபெற்ற பல் வைத்தியரான அவரிடம் தாள் மட்டும் மிச்சம். ஊர், பகுதி விசாரிப்பதில் எங்கள் யாழ்ப்பாணத்தாரையே வென்றுவிடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

பெயர் பெயராக மேலே ஏறிய அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. சமயச் சீர்திருத்தம் நடந்த காலம் அது. ஸ்கொட்லாந்தில் கத்தோலிக்கப் பூசையைத் தடை செய்து, புரட்டஸ்தாந்து சபை எழுந்து, மடத்துக் காணிகள் கைமாறிய காலம். அந்தக் குடும்பத்தின் சொத்து முழுவதையும் பெற்றவரின் பெயருக்குக் கீழே ‘இரண்டாவது மகன்’ என்று எழுதியிருந்தது. மூத்த மகன் தாளில் இல்லை. பழைய பூசையை விடமாட்டேன் என்று நின்று, பிரான்சுக்குத் தப்பிப் போனவராம். இளையவரின் பிள்ளைகள் வம்சத்தை எழுதியபோது பெரியப்பாவை விட்டுவிட்டார்கள். ‘இரண்டாவது’ என்ற சொல்லை எடுக்க மட்டும் மறந்துபோனார்கள். அந்தப் பெயரைத் தேடி சம்பந்தியார் எடின்பரோவுக்கு எத்தனையோ தரம் போய் வந்தார். “இப்படியுமா ஒரு மனிதரை விடுவார்கள்?” என்று கேட்பார். அந்தக் காணியைத் தின்று வளர்ந்த வம்சத்தில் தானும் ஒருவர் என்ற வெட்கம் குரலில் தெரியும். எனக்கோ அது வேறு வேலையில்லாத மனிதரின் கவலையாகப் பட்டது.

பேரன் பிறந்த அடுத்த வருடம் என் அப்பா காலமானார். எங்கள் ஆட்களுக்கு வம்சத் தாள் கிடையாது. மரண அறிவித்தல் இருக்கிறது. பிறந்த ஊர் தொடங்கி பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், பேரர், சம்பந்தி வரை எல்லாப் பெயரும் அதில் வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் மனஸ்தாபம் ஆண்டுக்கணக்கில் நீளும். அண்ணை எழுதி என் தொலைபேசிக்கு அனுப்பியபோது நான் மகள் வீட்டில் இருந்தேன். துக்கம் விசாரிக்க வந்திருந்த சம்பந்தியார் அதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டச் சொன்னார். தன் பெயர் வந்ததும், “நானுமா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும், கலியாணத்தில் தம்பியைச் சந்தித்திருந்தவர் கேட்டார்: “உங்கள் தம்பியின் பெயர் வரவில்லையே?”

தம்பி ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான். விமான நிலையத்தில் வேலை. அங்கே ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவன், அம்மாவின் செத்தவீட்டில் வாய்க்கரிசி போடாமல் தள்ளி நின்றான். அன்றோடு அண்ணைக்கு அப்படியொரு தம்பி இல்லை. இதைச் சொன்னதும் சம்பந்தியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முன் இருக்க முடியாமல் குசினிக்குள் போய்த் தொலைபேசியில் அண்ணையைக் கூப்பிட்டேன்.

“அண்ணை, தம்பியின்ர பேரையும் போடுங்கோ.”

“அம்மாவுக்கு வாய்க்கரிசி போடாதவனுக்கு என்னத்துக்குப் பேர்?”

“அவனும் அப்பா பெத்த பிள்ளைதானே?”

“அப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கினது நான். ஆரின்ர பேர் வரோணும் எண்டு எனக்குத் தெரியும். ஏலாது.”

“அப்ப என்ர பேரையும் எடுத்துவிடுங்கோ!”

அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். பின்னேரம் அறிவித்தல் வெளிவந்தது. அதில் அப்பாவுக்கு ஒரே ஒரு பிள்ளை. என்னோடு என் கணவர், மகள், மருமகன், பேரன், சம்பந்தியார் எல்லோரின் பெயரும் போயிருந்தது. “உங்கட பேரைக் காணேல்லை, என்ன நடந்தது?” என்று கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் அழைப்பு மேல் அழைப்பு. எரித்த அன்று நானும் தம்பியும் கடைசி வரிசையில் நின்றோம். கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சம்பந்தியாரும் வந்து எங்களோடு நின்றார். வெட்கமும் கோபமும் துக்கமும் எல்லாம் சேர்ந்து அழுதேன். அன்று நான் சொன்னது சரிதானா என்று இன்றும் தெரியாது. அப்பாவைக் கடைசி வரை பார்த்தது அண்ணைதான். அதன்பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

போன மாரிக் குளிரில் சம்பந்தியாரும் போய்விட்டார். மருமகன் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். நேற்றுத்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மகனுக்குப் பக்கத்தில், மூத்தவர் இருக்கவேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு வெறும் வட்டம். அவர் பெயர் கடைசிவரை கிடைக்கவேயில்லை. தாளின் அடியில் மருமகனுக்குப் பக்கத்தில் என் மகள். அவளுக்கு மேலே, சம்பந்தியாரின் நடுங்கிய கையெழுத்தில், எங்கள் வீடு: அப்பா, அம்மா, அவர்களுக்குக் கீழே அண்ணை, நான், தம்பி. யாரிடம் கேட்டு எழுதினாரோ தெரியாது. அப்பாவின் மூன்று பிள்ளைகளும் இப்போது ஒன்றாக இருப்பது அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் தாளில் மட்டும்தான். தம்பி கிழமைக்கு ஒருதரமாவது வந்து போகிறான். அண்ணையின் பெயரைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.