நாற்காலி நகர்ந்த படம்

“…அப்ப அவ உள்ளதான் போயிருக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று அத்தை சொன்னதும், செம்பூர் தியேட்டர் வாசலில் கரும்பு ஜூஸ் வண்டியைச் சுற்றி நின்ற எங்கள் கூட்டம் அப்படியே பேச்சை நிறுத்தியது.

படத்தில் அந்தப் பெண் உள்ளே போனாளா இல்லையா என்பதில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை. அத்தை பேசிவிட்டாள், அதுதான் விஷயம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறக்கக் கூடாது என்று காலையில் வீட்டை விட்டு இறங்குவதற்குள் அப்பா தன் தங்கையிடம் நாலு தடவை சொல்லியிருந்தார். ஐந்தாவது தடவை பஸ்ஸில்.

தியேட்டரில் வைத்துப் பெண் பார்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தாராவி வீட்டைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். பத்துக்குப் பன்னிரண்டில் ஒற்றை அறை, பம்பாயில் அதைக் கோலி என்பார்கள். பாதி கட்டிலுக்கு, மீதி அடுப்புக்கும் குளிக்கிற மோரிக்கும். மாப்பிள்ளை வீட்டாரின் கோவண்டி கோலியும் அதே அளவுதான். “ரெண்டு வீட்டு ஆளும் ஒண்ணா உக்காந்தா ஒருத்தர் மடியிலதான் ஒருத்தர் உக்காரணும்” என்பார் அப்பா. அதனால் எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதை மாதுங்கா கோவிலில் வைத்துக்கொள்வது வழக்கம். அத்தையை அதற்கு முன் மூன்று பேர் அங்கேதான் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே தூண் ஓரம், ஐந்தே நிமிஷம். மூவரும் “போன் பண்ணுதோம்” என்று சொல்லிப் போனார்கள். எங்கள் வீட்டில் போன் நன்றாகத்தான் வேலை செய்தது.

இந்த நாலாவது இடம் அப்பாவுக்குக் கடைசி. இதுவும் தட்டிப்போனால் சொந்த ஊரில், திசையன்விளைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையைக் கொடுப்பதாக ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அத்தை தாராவியில் பிறந்தவள். ஊரை மொத்தமே மூன்று தடவைதான் பார்த்தவள். தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் செக்கர் வேலை அவளுக்கு. தையல் ஒரு நூல் விலகினாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்காரரின் இரண்டாம் தாரமாகப் போவதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தியேட்டர் யோசனை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரருடையது. “கோயில்ல எத்தன நேரம் அண்ணாச்சி நிக்க முடியும்? ஏசில ஜம்முனு உக்காந்து பாத்துக்கிடலாம். பிள்ளையளும் ஒண்ணுக்கொண்ணு பழகுன மாதிரி இருக்கும்” என்று அப்பாவிடம் சொன்னார். படத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். போஸ்டரில் ஆகாயம் அளவுக்கு ஏதோ ஒன்றும், அதன் கீழே எறும்பு மாதிரி ஒரு பெண்ணும் இருந்தார்கள். கட்டடம் இடியும், ஹெலிகாப்டர் வெடிக்கும், இந்தியில் பேசுவார்கள் என்று நம்பி டிக்கெட் எடுத்துவிட்டார். மூன்றும் நடக்கவில்லை. படம் சுத்த இங்கிலீஷ். அதுவும் யாரும் வாயைத் திறந்தால்தானே!

இங்கேதான் நான் வருகிறேன். நாலாம் வகுப்பு. எங்கள் சந்தில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போன முதல் பிள்ளை. பேங்க் பாரமா, மருந்துப் புட்டியா, கரண்ட் ஆபீஸ் கடிதமா, எல்லாம் என் கைக்குத்தான் வரும். தமிழ் எழுத்தே எனக்குப் பின்னால்தான் வந்தது, மாதுங்கா பிளாட்பாரத்துப் பழைய வார இதழ்களில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நானே படித்துக்கொண்டது. ஆனால் அந்த வயதில் இங்கிலீஷ் என்றால் சந்துக்கே நான்தான். புரிந்ததைச் சொல்வேன். புரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வேன். ‘தெரியாது’ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

முன் வரிசையில் மூன்று சீட், பின் வரிசையில் மூன்று சீட். முன்னால் மாப்பிள்ளை, நான், அத்தை. நடுவில் நான் உட்கார்ந்தால்தான் மரியாதை என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பின்னால் மாப்பிள்ளையின் அம்மா, அக்கா வீட்டுக்காரர், அப்பா. கைக்குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

படம் இதுதான். எங்கோ ஒரு வெள்ளை உப்புவெளி. நடுவில் ஒருநாள் காலையில், கவிழ்த்து வைத்த தண்ணீர் டாங்கி மாதிரி பெரிதாக ஒன்று வந்து நிற்கிறது. வேற்றுக் கிரகத்து ஆட்கள். ஆனால் யாரும் வெளியே வருவதில்லை. உள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. ஒரு பெண் விஞ்ஞானி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க அதைக் கேட்கிறாள், குறிக்கிறாள், போகிறாள். மறுநாளும் வருகிறாள். இதே மாதிரி ஒன்றேமுக்கால் மணி நேரம். கடைசிக் காட்சியில் டாங்கியைக் காணோம், அவளையும் காணோம். உப்பில் வெறும் நாற்காலி. தூரத்தில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிப் போகிறது. அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்டாமலே விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பத்து நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு என் தோளைத் தட்டினார்கள். “ஏட்டி, என்ன சொல்லுதா அவ?”

திரையில் அந்தப் பெண் போனில் யாரிடமோ பேசி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ‘சாரி’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. போதாதா?

“புருஷன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்துட்டா பெரியம்மா.”

“அடப் பாவமே! பிள்ள குட்டி உண்டா?”

“ரெண்டு.”

“ரெண்டையும் எங்க விட்டுட்டு வந்தா?”

“பக்கத்து வீட்ல.”

எதிரில் யாரும் பேசாத படம் மொழிபெயர்ப்பவருக்கு எவ்வளவு வசதி என்பதை நான் அன்றுதான் கண்டுகொண்டேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த உப்புவெளியில் ஒரு முழுக் குடும்பத்தை நடத்தினேன். மாமியாரைக் கொண்டுவந்தேன், புருஷனுக்குக் குடிப்பழக்கத்தைக் கொடுத்தேன். பிறகு அவன் திருந்தி ரெண்டு தடவை போன் பண்ணினான். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதிப் படத்தை நான் பின்னால் திரும்பியேதான் பார்த்தேன். எனக்கு இரு பக்கமும் இருந்த இருவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து அதே படத்தைத் தனியாகப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. போனில் அவள் பேசி அழுதது ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அப்பாவிடம்.

வெளியே வந்து ஜூஸ் வண்டியில் நின்றபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். டாங்கியில் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றார் அக்கா வீட்டுக்காரர். சர்க்கார்தான் ராவோடு ராவாகக் கிரேன் வைத்துத் தூக்கி மறைத்துவிட்டது என்றார் அப்பா. அவள் திருந்தி, அந்த ஜீப்பில் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். “நல்லது. அதான் பொம்பளைக்கு அழகு” என்று மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தடவினார்கள். அந்தச் சமயத்தில்தான் அத்தை அப்படிச் சொன்னது. அவள் உள்ளேதான் போனாள் என்று.

“எங்க உள்ள?” என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா.

“அந்த டாங்கிக்குள்ளதான். தெனம் காலைல அவ வாரதுக்கு முன்ன அந்த நாற்காலி ஒரு சாண் முன்னால நகந்திருந்துச்சு. உப்புல நாற்காலிக் காலு தடம் இருந்துச்சே, பாக்கலியா? அவளா ஒண்ணும் போகல. வந்தவுகளே நாற்காலிய நகத்தி நகத்திக் கூப்பிட்டுருக்காவ. கூப்பிட்டுப் போகாம இருப்பாளா?”

“போவல” என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை. டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் வேலை. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா அவரை ஊமையோ என்றுகூட இடைவேளையில் என்னிடம் மெதுவாகக் கேட்டிருந்தார்.

“நீங்க எப்படிச் சொல்லுதிய?” என்று அத்தை நேரே அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“சத்தம். மொதல்ல அது அது பாட்டுக்கு விட்டுச்சு. போகப் போக அந்தப் பொம்பள எப்ப மூச்சு இழுக்காளோ, அப்ப அதுவும் இழுக்கு. நான் தெனம் வால்வு சத்தம் கேக்கவன், எனக்குத் தெரியும். அவ மூச்ச அது படிச்சிட்டு இருந்துச்சு. படிச்சு முடிச்சதும் கெளம்பிட்டு. அவள எதுக்குக் கூட்டிட்டுப் போவணும்?”

“மூச்சப் படிக்கதுக்கு நாற்காலிய எதுக்கு நகத்தணும்?”

“கிட்ட இருந்தாத்தான கேக்கும்?”

“கேட்டா மட்டும் போதுமாக்கும்!”

அப்பா “ஏட்டி, ஏட்டி” என்று அத்தையின் முழங்கையைப் பிடித்தார். நடுரோட்டில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோடு வாய்ச்சண்டை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கோபம் வாய்ச்சண்டையால் இல்லை.

“ரெண்டு பிள்ளையையும் பக்கத்து வீட்ல போட்டுட்டு, முகமே தெரியாத எவங்கூடயோ போனா. அவ போனது சரின்னு உங்க தங்கச்சி வக்காலத்து வாங்குது. நல்லா இருக்கு அண்ணாச்சி உங்க வளப்பு!”

“எந்த ரெண்டு பிள்ள?” என்றாள் அத்தை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்தக் குழந்தைகள் எனக்கும் உண்மையாகிவிட்டிருந்தார்கள். பெரியவன் ஒன்றாம் வகுப்பு, சின்னது இன்னும் நடக்கவில்லை. “படத்துல இருந்துச்சு” என்றேன், தலையை நிமிர்த்தி. அத்தை என்னை ஒரு வினாடி பார்த்தாள். திட்டவில்லை. அவள் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு மருமகனிடம் ஆட்டோ கூப்பிடச் சொன்னார்கள். பிறகு அப்பாவிடம், “சரி அண்ணாச்சி, போன் பண்ணுதோம்” என்றார்கள்.

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். திசையன்விளைக் கடை அவர் கண்ணில் திறந்துகொண்டிருந்தது.

“அம்மா, நில்லு” என்றார் மாப்பிள்ளை. ஆட்டோ வந்து நின்றும் அவர் ஏறவில்லை. அத்தையிடம்தான் பேசினார். “கடைசில டாங்கி போனப்புறம், வெறும் நாற்காலியக் காட்டுனாம்லா… அப்ப அந்தச் சத்தம் கேட்டுச்சா, நின்னுட்டா?”

“நான் நாற்காலி தடத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தத்தக் கவனிக்கல.”

“எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா இவ அப்பப் பின்னால திரும்பி என்னமோ சொல்லிட்டு இருந்தா” என்று என்னைக் காட்டினார்.

“கேட்டுச்சுன்னா?”

“கேட்டுச்சுன்னா அது அவ மூச்சு. ஜீப்புல போனவ மூச்சு அங்க கேக்காது, டாங்கிக்குள்ள போனவ மூச்சுதான் அந்தச் சத்தத்துல இருக்கும். நீங்க சொன்னதுதான் சரி.”

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவை, ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவை, தியேட்டர் சுவரில் அடுத்த ஆட்டம் மூன்று மணிக்கு என்று எழுதியிருந்த பலகையை. பிடித்திருந்த அப்பாவின் விரல்களை முழங்கையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

அவள் டிக்கெட் கவுண்டரை நோக்கி நடந்தபோது நானும் பின்னாலேயே ஓடினேன். இந்த முறை திரும்பிப் பார்க்காமல் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன். நடுவில் நான் இல்லாமல் அவ்வளவு இங்கிலீஷும் இவர்களுக்கு எப்படிப் புரியும்? மாப்பிள்ளையும் வந்து பக்கத்தில் நின்றார். “அத்தே, மூணு கேளு” என்று அவள் துப்பட்டாவை இழுத்தேன்.

அத்தை என் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்து, “தோ தேனா பையா, பாஜூ பாஜூ மே” என்று அடுத்தடுத்த சீட்டாகக் கேட்டு, இரண்டு விரலைக் காட்டினாள்.