முனிக்கு வைத்த ஈரல்

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தபோது, பொழுது சாய்ந்தால் என் தங்கைக்கு மட்டும் உலகம் காணாமல் போய்விடும். பகலெல்லாம் தும்பி பிடிக்கிறவள், விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். மூன்று வேளையும் நாங்கள் தின்ற ரொட்டியையும் தேத்தண்ணீரையும் யாரும் சந்தேகப்படவில்லை. முனியைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"முனி போற பாதையில புள்ள குறுக்க ஓடியிருக்கு. அதான் கண்ணக் கட்டிருச்சு. கெடா வெட்டிருங்க" என்றார் பெரியப்பா. முனி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

அப்பா கிடாய் வெட்டினார். அந்தக் கறி ஆண்களுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகள் தொடக் கூடாது. ஈரலைத் தணலில் சுட்டு, முனிக்கென்று இலையில் வைத்துவிட்டு எல்லோரும் நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான்.

பனி இறங்கிக்கொண்டிருந்த அந்திநேரம். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாக நடந்தேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், என் கைக்குள் இருந்த கை இல்லை. கூப்பிட வாய் வரவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம், நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம். பிறகு ஒரு கை என் கைக்குள் நுழைந்தது. சூடாக, பிசுபிசுவென்று இருந்தது.

"வாக்கா, போவோம்."

குரல் தங்கையுடையதுதான். கையைத்தான் நான் நம்பவில்லை. வீடு வரும்வரை அதைப் பார்க்காமலே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காலையில் இலை வெறுமையாகக் கிடந்தது. "முனி ஏத்துக்கிருச்சு" என்று பெரியப்பா மீசையைத் தடவினார். சில நாட்களில் தங்கை மின்மினி பிடிக்கத் தொடங்கினாள்.

வாசத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஈரலைத் தின்றது தான்தான் என்று அவள் சொன்னது கல்யாணமான பிறகு. மாலைக்கண்ணுக்கு விட்டமின் ஏ குறைவுதான் காரணம், அது ஈரலில் நிறைய உண்டு என்று ஒரு டாக்டர் விளக்கியது அதற்கும் பிறகு.

ஆனால் எங்கள் கிடாய்க்கு அடுத்த வருடமே பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கும் அந்தியில் கண் மறைந்தது. அவர்களும் கிடாய் வெட்டினார்கள். அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அம்மாவின் கையை விடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. காலையில் ஈரலைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. போகப்போக அவள் கண்ணில் வெள்ளை படர்ந்து, பகலும் இருண்டு போனது.

முனிக்கு எங்கள் வீட்டுமேல்தான் பிரியம் என்று நான் லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.