எஃப் ஐந்து முதல் ஒன்பது வரை

மஞ்சுளா போன செய்தி வந்தபோது, அவளுக்காக எழுதிய நிரலோடு ஒரு ஃப்ளாப்பி என் கைப்பையில் இருந்தது. கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளையார்பாளையத்தில் இருந்த அவள் வீட்டுக்குக் கிளம்ப இருந்தேன். போனில் அவள் தம்பி, "அக்கா போயிட்டாங்கமா. காலையிலகூட நீங்க வருவீங்களான்னு கொழறிக் கொழறி கேட்டுக்கினு இருந்தாங்க" என்றான். ஃப்ளாப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மறுபடி பைக்குள் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் பிடிவாதத்தைச் சொல்லத் தேவையில்லை. புதுக் கணினிகள் வந்த வாரம், நிரல் எழுதும் எடிட்டரை நான்தான் நிறுவினேன். விருப்பமிருந்தால் சேர்க்கலாம் என்றிருந்த பகுதிகள் அத்தனைக்கும் டிக் அடித்துவிட்டேன். கணினிகள் எல்லாம் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தன. "ஒவ்வொண்ணும் எதுக்குன்னு கேட்டா சொல்லுவியா? தெரியாததுக்கு ஏம்மா டிக் அடிக்கிற?" என்றாள் மஞ்சுளா. திட்டிக்கொண்டே பாதிக் கணினிகளை அவளே சரிசெய்தாள். மீதியை என் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த எடிட்டரோடு சேர்த்து ஓட்டும் சிறு நிரல்களை, அதாவது துணைநிரல்களை, எழுதுவோருக்கென்று சில மரபுகள் உண்டு. ஏற்றியவுடன் அது தானாக எதையும் மாற்றக் கூடாது. பயனர் இயக்கினால்தான் வேலை செய்ய வேண்டும். விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள விசைகள், தனக்கு வேண்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளப் பயனருக்கே சொந்தம். நிரல் எழுதுபவர் அவற்றைத் தொடக் கூடாது. "அது அவங்க ஊட்டு அலமாரிமா. காலியா இருக்குதுன்னு உன் புடவையக் கொண்டுபோய் அடுக்குவியா?" என்பாள். எனக்கு அதெல்லாம் வீண் கெடுபிடியாகத்தான் தோன்றியது.

பிறகு நரம்பு நோய் வந்தது. கைகள் போயின, பேச்சு குழறத் தொடங்கியது. கடைசியில் இடது கையில் ஒரு விரல் மட்டும் அசைந்தது. பேச்சும் நின்றுவிட்டால் அவள் என்ன செய்வாள் என்ற பயத்தில், அந்த ஒரு விரலாலேயே திரையில் வரும் சொற்களைப் பொறுக்கி எடுக்க ஒரு துணைநிரல் எழுதினேன். விரலுக்கு எட்டும்படி ஒரே வரிசையில் இருந்ததால் எஃப் ஐந்து முதல் ஒன்பது வரை எடுத்துக்கொண்டேன்.

கட்டிலருகே கணினியை வைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அவள் குரலைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது.

"எஃப் ஐந்து யாருது?"

"உன்னுதுதான். உனக்காகத்தானே எழுதினேன்? வேற யாரு இத தொடப் போறாங்க?"

"அப்ப என்னைக் கேக்கணும்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் படுக்கறேன்னுகூட என்னை யாரும் கேக்கறதில்லமா. இதயாச்சும் கேளு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் தூங்காமல் எழுதியிருந்தேன். "இந்த நெலமையிலயும் ரூல்ஸ் பேசுறியே" என்று சொல்லிவிட்டு, கணினியை அங்கேயே விட்டு, நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் உட்கார்ந்தபோது அதைத் திருத்தும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதை ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டுதான் அன்று கிளம்ப இருந்தேன். அந்த மூன்று நாளில்தான் அவள் பேச்சு பெரும்பாலும் நின்றுபோனதாகத் தம்பி பிறகு சொன்னான். அவள் சொல்ல நினைத்தது என்னவோ, எனக்கு இனி தெரியப்போவதில்லை. இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

காரியம் முடிந்த மறுநாள், கணினிக்கூடத்தில் அவள் உட்காரும் கணினியில் அந்தத் துணைநிரலை ஏற்றினேன். மரபுப்படி எதுவும் மாறவில்லை. இயக்கினேன். திரையில் ஒரு வரி வந்தது: "உங்களுக்கு எந்த விசை வேண்டும்?"

எஃப் ஐந்தை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டேன். கேள்வி எனக்கானதல்ல.

இப்போதெல்லாம் யாருக்கு எதைச் செய்யப் போனாலும் முதலில் கேட்டுவிடுகிறேன். மஞ்சுளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அவளைத்தான் கேட்கவில்லை.