சூட்டுத் தழும்பு

எங்கள் பசு லட்சுமிக்கு வயிறு பானைபோல் உப்பி, வாயில் எச்சில் வழிந்தது. மாட்டுக்கு எது வந்தாலும் எங்கள் பக்கம் விலாவில் சூடு போடுவார்கள். நானும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். மறுபடியும் கை ஓங்கியபோது, ஆம்பூர் மண்டிக்குத் தோல் வாங்கிப் போகும் பாய் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"சூடு வெக்காதம்மா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தழும்பு விழுந்த தோலைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள், விலை கம்மி என்பது ஊருக்கே தெரியும். மாடு சாகும் முன்பே தோலுக்குக் காவலா?

"இன்னா பாய், உயிர் போறவரைக்கும்கூட பொறுக்காதா?"

அவர் நேரே தலைப்பக்கம் போனார். மாட்டின் தொண்டையைத் தடவினார். நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, முழங்கைவரை வாய்க்குள் விட்டார். கை வெளியே வந்தபோது பல் கிழித்து ரத்தம். விரல்களுக்குள் ஒரு மாங்கொட்டை. லட்சுமி நீளமாக ஏப்பம் விட்டாள்.

"தொண்டையில அடைச்சதுக்கு வவுத்துல சூடு வெச்சா இன்னா ஆவும்?" என்றார், கையைக் கழுவியபடி.

லட்சுமி அதன்பின் கன்றும் போட்டாள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பாய் அவள் தழும்பைத் தடவிவிட்டுத்தான் போகிறார். நானும் மோர் கொடுக்கிறேன். ஆனாலும் அவளைப் பிழைக்கவைத்த அந்தக் கை தோலில் படும்போது, விலை பார்க்கிறாரோ என்று இன்றைக்கும் ஒரு நொடி எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.